கோப்பில் இருந்த கண்

அத்தியாயம் 9

எழுபத்திரண்டு காணவில்லை.

தணிக்கையம்மா சீட்டின் பின்பக்கத்தில் மறுபடியும் கழித்துப் பார்த்தாள். விடை மாறுவேனா என்றது. காப்பீட்டு நிறுவனத்தில் பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரிக் கோப்புகளைத் தணிக்கை செய்து, பார்த்த அசிங்கமெல்லாம் போதும் என்று வேலையை விட்டு வந்தவள் அவள். துப்பறியும் தொழிலில் இறங்கினால் கொலை, கொள்ளை என்று கௌரவமாக ஏதாவது மாட்டும் என்று நம்பியிருந்தாள். மாட்டியது மறுபடியும் ஆஸ்பத்திரிதான்.

"என்ன மேடம், எழுபத்திரண்டு பேரா காணோம்?" என்றான் உதவியாளன் ஒட்டடை. ஆறடி இரண்டங்குல உயரம், சதை பேருக்குத்தான். பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்பது அவனுக்கே மறந்து போயிருக்கும்.

"பேர் இல்லடா, மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக் கிழிச்சா அதுல ஒரு பங்கு."

"அடேயப்பா! அவ்வளவு சின்னதைத் தேடறதுக்கு எனக்குச் சம்பளம் பத்தாது."

இருவருக்கும் நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தங்கை உட்கார்ந்திருந்தாள். வழக்கைக் கொண்டுவந்தது அவளுடைய அக்கா. அதனால் இவள் தங்கை என்றே ஆகிவிட்டாள். இருபத்தைந்து வயது. தீயணைப்புப் படைக்குத் தேர்வானவள். நாற்பது கிலோ குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஓடிக் காட்டியவளை, மூக்குக் கண்ணாடி இருக்கிறது என்று நிறுத்தி வைத்தார்கள். லேசர் செய்துகொண்டாள். முதல் வாரம் உலகமே கழுவி வைத்தாற்போல் தெரிந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு தெருவிளக்கு மூன்றாகத் தெரிய ஆரம்பித்தது. இப்போது ஆறாவது வாரம். பேருந்து எண்ணைப் படிக்கப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறாள்.

அவளை இன்று காலை வேறொரு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தது தணிக்கையம்மாவின் வேலை. அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் விட்டிருக்கமாட்டாள். "வேற டாக்டர் கண்ணுல கை வச்சா கேஸ் கெட்டுடும்" என்று மூன்று வாரமாகத் தடுத்து வைத்திருக்கிறாள்.

"டாக்டரம்மா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் தங்கை. "பயத்துல பாதி காதுல விழலை."

தணிக்கையம்மா நிதானமாகச் சொன்னாள். கருவிழிக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. லேசர் அதைச் செதுக்கித்தான் பார்வையைத் திருத்துகிறது. படலம் மெலிசாக இருந்தாலோ, அடியில் புடைப்பு இருந்தாலோ அந்தக் கண்ணில் கை வைக்கவே கூடாது. வைத்தால் செதுக்கினது போக மிச்சமிருப்பது அழுத்தம் தாங்காமல் முன்னுக்குத் தள்ளும்.

"கிளினிக் கோப்புல உன் வலது கண் படலம் ஐநூத்தி அறுபது. நல்ல கனம். லேசர் செதுக்கினது எழுபது. அப்போ மிச்சம் நானூத்தித் தொண்ணூறு இருக்கணும். இன்னைக்கு அளந்தா நானூத்திப் பதினெட்டு. இடது கண்ணும் இதே லட்சணம்."

"மீதி எழுபத்திரண்டை எலி தின்னுடுச்சா?" என்றான் ஒட்டடை.

"ரெண்டுல ஒண்ணு. ஆறு வாரத்துல அத்தனையும் கரைஞ்சிருக்கணும். அப்படின்னா வேகமாப் போயிட்டிருக்கு, வேற ஒருத்தர் படலத்தை வாங்கி மாத்தி வைக்கிறதைப் பத்தி இப்பவே யோசிக்கணும்னாங்க. இல்லேன்னா அந்த ஐநூத்தி அறுபதே பொய். பொய்யா இருந்தா நல்ல சேதி. மருந்தும் ஒளியும் வச்சுப் படலத்தை இறுக்கிடலாம், இருக்கிற பார்வை நிக்கும். எதுன்னு சாயந்திரத்துக்குள்ள தெரிஞ்சாகணும்."

"பொய்யா இருக்கணும்னு வேண்டிக்க வேண்டியதா இருக்கே" என்றாள் தங்கை.

*

லேசர் கிளினிக்கின் வரவேற்பறையில் சுவர் முழுக்க ஒரு சுவரொட்டி. 'காலையில் வாங்க, மாலையில் கண்ணாடியைத் தூக்கிப் போடுங்க!' அதன் கீழே பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஆளுக்கொரு எண் அட்டை. கசாப்புக் கடையில்கூட வரிசை இவ்வளவு ஒழுங்காக நகராது என்று தணிக்கையம்மாவுக்குத் தோன்றியது.

ஒட்டடை தன் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஆலோசகர் மேஜைக்குப் போனான். ஆலோசகப் பெண் அவன் கண்ணைப் பார்க்கவே இல்லை, படிவத்தைப் பார்த்தாள்.

"எந்தத் தேதி வசதி சார்?"

"தேதி இருக்கட்டும்மா" என்று குறுக்கிட்டாள் தணிக்கையம்மா. "இவன் கான்டாக்ட் லென்ஸ் போடுறவனான்னு கேக்க மாட்டீங்களா? லென்ஸ் படலத்தை அழுத்தி உருவத்தையே மாத்தியிருக்கும். ஒண்ணு ரெண்டு வாரம் கழட்டி வச்சிட்டுத்தானே அளவுக்கு உட்காரணும்?"

"அதெல்லாம் டாக்டர் பார்த்துப்பார்."

"பவர் ஒரு வருஷமா மாறாம நிக்குதா, குடும்பத்துல யாருக்காவது கருவிழி வியாதி உண்டா, கண்ணு காய்ஞ்சு போற தொந்தரவு இருக்கா?"

"அதெல்லாம் டாக்டர் பார்த்துப்பார்."

"டாக்டரை எப்போ பார்க்கலாம்?"

"ஆபரேஷன் அன்னைக்கு."

ஒட்டடை குனிந்து அவள் காதில் சொன்னான். "தாலி கட்டின பிறகு மாப்பிள்ளை முகத்தைக் காட்டற வீடு மேடம் இது."

ஆலோசகப் பெண் தடுத்தும் மூவரும் உள்ளே போனார்கள். லேசர் டாக்டர் தன் அறையில் பல் குத்திக்கொண்டிருந்தார். அவர்கள் உள்ளே வந்த பிறகும் நிறுத்தவில்லை. குச்சியை எடுத்து, நுனியில் வந்ததை ஆராய்ந்துவிட்டு, மேஜையிலிருந்த யாரோ ஒருவரின் கோப்பின் மேல் வைத்தார். இந்தக் கைதான் கண்ணுக்குள் போகிறது.

"சார், நீங்களே கண்ணாடி போட்டிருக்கீங்களே!" என்றான் ஒட்டடை.

"அதுல தப்பில்லடா" என்றாள் அவள். "நாப்பதைத் தாண்டினா படிக்கக் கண்ணாடி எல்லாருக்கும்தான். லேசர் பண்ணினாலும் வரும். அதை வெளிய சுவத்துல எழுதலையேங்கறதுதான் தப்பு."

டாக்டர் தங்கையை ஏறிட்டார். யாரென்று தெரியவில்லை. பெயரைச் சொல்லி, கோப்பு வந்து, எண்ணைச் சரிபார்த்த பிறகுதான், "ஓ, கண்ணைக் கசக்கின கேஸா?" என்றார்.

"நான் கசக்கலை" என்றாள் தங்கை. "ராத்திரி ரெண்டு கண்ணுக்கும் மூடி ஒட்டிக்கிட்டுத்தான் படுத்தேன். அலாரம் வச்சுச் சொட்டு மருந்து விட்டேன். ஒரு வாரம் தலையில தண்ணி ஊத்தலை, மை வைக்கலை. நீச்சல் பயிற்சியை நிறுத்திட்டேன். அரிச்சாக்கூடக் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"கோப்புல இருக்கேம்மா." அவர் ஒரு தாளை எடுத்துப் போட்டார். 'அறிவுரையை மீறி நோயாளி கண்ணைக் கசக்கியதால் ஏற்பட்ட பாதிப்பு.' கீழே தேதி, கையெழுத்து.

தணிக்கையம்மா தாளைத் தடவிப் பார்த்தாள். பெயரும் தேதியும் மட்டும் பேனாவில் எழுதியது; கையெழுத்து உட்பட மற்றதெல்லாம் அச்சு. அவள் எட்டி, டாக்டரின் முழங்கைக்கடியிலிருந்த கட்டைப் புரட்டினாள். அத்தனை தாளிலும் அதே வாக்கியம். பெயரும் தேதியும் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி.

"பரவாயில்லை சார்" என்றான் ஒட்டடை. "நான் இன்னும் படுக்கவே இல்லை, அதுக்குள்ள நான் கசக்கினதுக்குச் சீட்டு தயார்."

"ஆபரேஷனுக்கு முன்னாடி இந்தப் பொண்ணு கண்ணை நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டாள் தணிக்கையம்மா.

"மேசையில பார்த்தேனே."

"அதுக்கு முன்னாடி?"

"அளவெடுக்க ஆள் இருக்கு. மெஷின் ஐநூத்தி அறுபதுன்னு சொல்லுது, நான் எதுக்கு முகத்தைப் பார்க்கணும்? ஒரு காலைக்கு இருபது கண்ணு பண்றேன். ஒவ்வொருத்தரையும் கொஞ்சிக்கிட்டிருக்க முடியுமா?"

சீ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அவர் அதையும் சட்டை செய்யவில்லை. ஆனால் மனிதர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அக்கா கொண்டுவந்த கதைப்படி, அளவெல்லாம் சரி, டாக்டர் கைதான் பிசகியது. கை பிசகினால் வெட்டு கோணும், தழும்பு விழும். படலம் எழுபத்திரண்டு மைக்ரான் மெலியாது. பிசகு நடந்த இடம் இந்த அறை இல்லை. இதற்கு முந்தைய அறை.

*

அளவெடுக்கும் அறையில் இருந்தது அக்காவேதான். ஏழு வருஷமாக அந்த மெஷின் அவள் பொறுப்பு. உள்ளே நடப்பது தெரிந்தவள் என்பதால்தான் கோப்பின் நகலை எடுத்துக்கொண்டு தணிக்கையம்மாவிடம் வர முடிந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"டாக்டர் என்ன சொன்னார்? ஒத்துக்கிட்டாரா?" என்றவள், தங்கையின் கையைப் பிடித்து முக்காலியில் உட்கார்த்தினாள். "சாப்பிட்டியாடி? கண்ணுல சொட்டு விட்டியா?"

"விட்டேன்க்கா."

பார்க்க இதமான காட்சிதான். தணிக்கையம்மா அதிலிருந்து கண்ணை எடுத்து மெஷினைப் பார்த்தாள். ஒரு கிண்ணம் மாதிரி. அதற்குள் வட்ட வட்டமாக விளக்கு, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. முன்னால் மோவாயை வைக்க ஒரு தாங்கி. காலையிலிருந்து எத்தனை பேர் மோவாய் வைத்தார்களோ, பிசுபிசுவென்று யாருடைய உதட்டுச்சாயமோ அப்பியிருந்தது. மேலே போடுகிற காகிதத்தை மாற்றக்கூட ஆளில்லை.

"ஒட்டடை, உட்காரு. உன் கண்ணை அளக்கறதைப் பார்க்கணும்."

"இதுலயா? என் மோவாய்க்குன்னு ஒரு மரியாதை கிடையாதா மேடம்?" அவன் கைக்குட்டையால் இரண்டு தடவை துடைத்துவிட்டு மோவாயை வைத்தான். வைத்தவன் சும்மா இருப்பானா? ஃபோனை எடுத்து நீட்டி, பல்லைக் காட்டி, தன்னைத்தானே ஒரு படம் எடுத்துக்கொண்டான். "எங்கம்மாவுக்கு அனுப்பணும். பையன் தலையைக் கொண்டுபோய் எதிலயோ மாட்டிக்கிட்டான்னு சந்தோஷப்படுவாங்க."

"கொண்டா, பார்க்கலாம்." அவள் படத்தைப் பார்த்துச் சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எங்கடா பார்க்கறே இதுல?"

"கேமராவைத்தான்."

"இல்லை. நல்லாப் பாரு. கண்ணு ரெண்டும் ஒதுங்கியிருக்கு."

"அது எப்பவும் அப்படித்தான் மேடம். தன்னைத்தானே எடுக்கறவன் எவன் கேமராவைப் பார்க்கறான்? படம் எப்படி வருதுன்னு திரையைத்தான் பார்ப்பான்."

தணிக்கையம்மா கைப்பையிலிருந்து கோப்பின் நகலை எடுத்தாள். ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற பக்கம்தான். எண்களையே மேய்ந்தாளே தவிர, அவற்றுக்கு மேலே இருந்த இரண்டு கண் படங்களை ஒழுங்காகப் பார்க்கவில்லை. தன் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. வலது கண்ணின் பாப்பா நடுவில் இல்லை, உட்கார்ந்தவரின் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. இடது கண்ணும் அதே பக்கம்.

"அளவெடுக்கும்போது எங்கே பார்க்கச் சொல்வீங்க?" என்று அக்காவைக் கேட்டாள்.

"சிவப்புப் புள்ளியை. வேற எங்கேயும் பார்க்கக் கூடாது."

"மெஷினோட திரை இந்தப் பக்கம் இருக்கு, உங்களுக்கு. இதைத் திருப்பினா?" அவளே திரையின் கையைப் பிடித்து வளைத்தாள். திரை சுழன்று, நாற்காலியில் இருந்த ஒட்டடையின் இடப்பக்கம் போய் நின்றது. "உட்கார்றவங்களுக்குத் திரை எதுக்கு? அவங்க பட்டனைத் தட்டப் போறதில்லையே. இந்தப் படத்துல இருக்கிற கண்ணு திரையைப் பார்க்குது. படம் சரியா விழுந்ததான்னு பார்க்குது. மோவாயை வச்சிக்கிட்டு, கையை நீட்டிப் பட்டனையும் தட்டினவங்களோட கண்ணு இது."

ஒட்டடை மெல்ல மோவாயை எடுத்தான்.

"இந்த அறையில அந்த வேலை தெரிஞ்சவங்க எத்தனை பேரு?" என்றாள் தணிக்கையம்மா.

அக்கா திரையைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தாள்.

"ஒருத்தர்தான். தப்பா இருந்தா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். வந்து உட்காருங்க. உங்க கண்ணை அளந்துடலாம். ஐநூத்தி அறுபது வரலேன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

"எனக்கு வேலை இருக்கு" என்றாள் அக்கா. நாற்காலியிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தாள். ஏழு வருஷம் ஊரையே உட்கார வைத்த நாற்காலி அது.

"அக்கா?" என்றாள் தங்கை.

அந்த ஒரு சொல்லுக்கு அக்கா உடைந்தாள். "மூணு தடவை எடுத்தேன்டி உன்னை. மூணு தடவையும் மெஷின் வேண்டாம்னுச்சு. மெலிசு, அடியில புடைப்பு வேற. நீ வெளியில பயிற்சி உடுப்பு அளவைப் பத்திச் சிரிச்சுப் பேசிக்கிட்டு உட்கார்ந்திருந்தே. வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது. அம்மா போன பிறகு உன் மூஞ்சில அப்பதான் சிரிப்பைப் பார்க்கறேன். உள்ள வந்து எப்படிச் சொல்லுவேன்? உன் அளவையெல்லாம் அழிச்சிட்டு நானே உட்கார்ந்துட்டேன். கொஞ்சம்தானே குறைச்சல், ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். டாக்டர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கண்ணைப் பார்த்திருந்தா அவருக்கே தெரிஞ்சிருக்குமே!"

அதுவும் உண்மைதான். அதுதான் தணிக்கையம்மாவுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. ஒருத்தி கண்ணை மாற்றி வைத்தாள். ஒருத்தன் கண்ணைப் பார்க்கவே இல்லை. இரண்டு பேரும் அடுத்தவரைக் காட்டிக் கை கழுவுகிறார்கள், இரண்டு பேர் சொல்வதும் நிஜமாக இருக்கிறது.

"நீங்க உட்கார்ந்ததைக்கூடப் பாசம்னு யாராவது சப்பைக்கட்டுக் கட்டலாம்" என்றாள். "ஆனா மூணாவது வாரம் இவளுக்கு விளக்கு மூணாத் தெரிஞ்சப்பவே உங்களுக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. கொஞ்ச நாள் கண்ணு கூசும், காயும், விளக்கைச் சுத்தி வட்டம் தெரியும், அது எல்லாருக்கும் வந்து போறது. நல்லாத் தெரிஞ்ச பார்வை மறுபடி கெட்டா ஒரு நாள்கூடச் சும்மா உட்காரக் கூடாது. ஏழு வருஷம் இந்த வேலை பார்த்த உங்களுக்கு அது தெரியாதா? தெரிஞ்சும் வேற டாக்டர்கிட்டப் போக விடலை. அளந்துடுவாங்கன்னு பயம். டாக்டர் மேல பழியைப் போட என்னை வேற வாடகைக்குப் பிடிச்சீங்க. எனக்குக் குமட்டுதுங்க. நிஜமாவே குமட்டுது."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அழறதை அப்புறம் வச்சுக்கலாம். இவளோட நிஜ அளவு வேணும். அழிச்சுட்டீங்க, சரி. எங்கேயாவது எழுதி வச்சீங்களா?"

"எழுதலை." முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "வலது நானூத்தித் தொண்ணூத்தொண்ணு. இடது நானூத்தித் தொண்ணூத்திநாலு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

தணிக்கையம்மா சீட்டைத் திருப்பி எழுதினாள். நானூற்றுத் தொண்ணூற்றொன்றில் எழுபது போனால் நானூற்று இருபத்தொன்று. இன்றைய அளவு நானூற்றுப் பதினெட்டு. ஆறு வாரத்தில் கரைந்தது மூன்றே மூன்று.

"மூணுதான்" என்று தங்கையின் தோளைத் தொட்டாள். "எழுபத்திரண்டு இல்லம்மா, மூணு. இறுக்கிடலாம். டாக்டரம்மாகிட்ட இப்பவே போறோம்."

தங்கை தலையை ஆட்டினாள். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அக்கா நின்ற திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு எத்தனை அக்கா தெரிந்தார்களோ.

"மூணு தடவை எடுத்துட்டு, வெளிய வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, சூப்பரா வந்திருக்குடின்னு சொன்னியேக்கா" என்றாள்.



வரவேற்பறையைத் தாண்டி வாசலுக்கு வந்தார்கள். எண் அட்டைக்காரர்களில் ஒரு பையன் தங்கையிடம், "நல்லாத் தெரியுதா அக்கா?" என்று ஆசையாகக் கேட்டான். ஒட்டடை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சுருக்கமாக ஏதோ சொன்னான். பையன் எழுந்து அட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

தங்கை வாசல் விளிம்பில் காலால் துழாவினாள். வெயிலில் படிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலங்கித் தெரிந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து அக்கா ஓடி வந்தாள்.

"பார்த்துடி! அஞ்சு படி இருக்கு. அஞ்சுதான், மெல்ல இறங்கு."

தூக்கிய காலை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டாள் தங்கை. அக்கா நீட்டிய கையைத் தாண்டி, காற்றில் தடவி ஒட்டடையின் முழங்கையைப் பிடித்தாள்.

"அண்ணா, எத்தனை படின்னு நீங்க எண்ணிச் சொல்லுங்க."

அவன் வாயில் அப்போது ஒரு கிண்டலும் வரவில்லை. ஒவ்வொரு படியாக, சத்தமாக எண்ணிக்கொண்டே அவளை இறக்கினான்.

ஐந்துதான் இருந்தது.